கோழி இறக்கைக்குள் ஒரு கை

கோழிக் குழம்பில் இறக்கைத் துண்டு வந்தால் பலர் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். சதை குறைவு, எலும்பு அதிகம். எனக்கு அதுதான் பிடித்த துண்டு. ருசி ஒரு காரணம். அதற்குள் ஒரு முழுக் கை மடங்கிக் கிடக்கிறது என்பது இன்னொரு காரணம். அடுத்த முறை கறிக்கடையில் நுனியை வெட்டாமல் தரச் சொல்லி வாங்கி, வேகவைத்து, சதையைப் பொறுமையாக நீக்கிப் பாருங்கள்.

தோளை ஒட்டி ஒற்றை எலும்பு இருக்கும். அது மேல்கை. முழங்கையைத் தாண்டினால் இரண்டு எலும்புகள், ஒன்று மெலிசு, ஒன்று தடிப்பு. நம் முன்கையிலும் இதே இரண்டுதான். அப்புறம் மணிக்கட்டு. நமக்கு அங்கே எட்டுக் குட்டி எலும்புகள் உண்டு. வளர்ந்த கோழிக்குத் தனியாக நிற்பவை இரண்டே இரண்டு, மற்றவை கையெலும்போடு ஒட்டிப்போய்விட்டன. அதற்கு அடுத்து, நடுவில் இடைவெளி விட்டு இரண்டு கம்பிகளைச் சேர்த்து ஒட்டியது போல ஓர் எலும்பு வரும். அதுதான் உள்ளங்கை.

அந்த உள்ளங்கையில் மூன்று விரல்கள். முன்பக்கம் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன விரல் ஒன்று. பறவை தரையிறங்கும்போது இந்த விரலைத் தூக்கி, அதிலுள்ள சில இறகுகளை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கும். அதனால்தான் வேகம் குறைந்தாலும் பொத்தென்று விழாமல் இறங்க முடிகிறது. சில கோழிகளில் இந்த விரலின் நுனியில் துளியூண்டு நகம்கூட இருக்கும். நடுவில் இருப்பது நீண்ட, உறுதியான விரல், முக்கியமான பறக்கும் இறகுகளைத் தாங்குவது. மூன்றாவது அதன் பக்கத்தில் சிம்பு போல ஒட்டிக்கொண்டிருக்கும்.

நம் கையில் ஐந்து விரல். கோழிக்கு மூன்று. சரி, எந்த மூன்று? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலா? ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலா? கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். உயிரியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். காரணம், பாறையைக் கேட்டால் ஒரு பதில் வந்தது, முட்டையைக் கேட்டால் வேறொரு பதில் வந்தது.

அந்தச் சண்டைக்குப் போகும் முன் காலையும் பார்த்துவிடலாம், அது சுலபம். கோழிக்கு நான்கு கால்விரல்கள். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பது பெருவிரல். அதில் எலும்புக் கணுக்கள் இரண்டு. அடுத்தடுத்த விரல்களில் மூன்று, நான்கு, ஐந்து. இந்த 2, 3, 4, 5 என்ற வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காலில் நடந்து இறைச்சி தின்ற டைனோசர்களின் பாதத்திலும் அச்சு அசலாக இதே கணக்குத்தான். கணுக்களை எண்ணினால் எந்த விரல் எது என்று சொல்லிவிடலாம். ஐந்தாவது விரல்தான் காணாமல் போயிருக்கிறது. ஆகவே காலில் தகராறு இல்லை.

காலில் இன்னொரு விஷயம் எல்லோர் வாயிலும் தட்டுப்பட்டிருக்கும். லெக் பீஸைக் கடிக்கும்போது பெரிய எலும்பின் பக்கத்தில் ஊசி போல ஒரு மெல்லிய எலும்பு வருமே, பாதியிலேயே கூராகி முடிந்துவிடும். நம் காலில் அந்த எலும்பு முழங்காலிலிருந்து கணுக்கால் வரை முழுதாகப் போகிறது. டைனோசர்களிலும் அப்படித்தான். வியப்பு என்னவென்றால், கோழிக் கருவிலும் முதலில் அது முழு நீளத்துக்கு, கணுக்கால் வரை இருக்கிறது. பிறகு கீழ்முனையின் வளர்ச்சி சீக்கிரமே நின்றுவிட, பக்கத்து எலும்பு மட்டும் நீண்டுகொண்டே போகிறது. சிலி நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவில் ஒரு குறிப்பிட்ட மரபணுவின் வேலையைத் தணித்துப் பார்த்தார்கள். அந்த ஊசி எலும்பு கணுக்கால் வரை வளர்ந்து நின்றது, பழைய டைனோசர் காலில் போல. 2016இல் அது வெளியானது.

இனி பாறை சொல்லும் கதை. சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய அர்ஜென்டினாவில் வாழ்ந்த ஹெரெராசாரஸ் என்ற தொடக்ககால டைனோசரின் கையில் ஐந்து விரல்களும் இருந்தன. ஆனால் முதல் மூன்றுதான் உருப்படியானவை. மோதிர விரலும் சுண்டு விரலும் குச்சி மாதிரி சுருங்கிவிட்டன. பிறகு வந்த பல இனங்களில் சுண்டு விரல் மறைந்து, மோதிர விரல் அடையாளத்துக்கு மிஞ்சி, கடைசியில் மூன்றே விரல் நின்றது. 1964இல் அமெரிக்காவின் மொன்டானாவில் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் கண்டெடுத்த டைனோனிக்கஸின் கையில் கணுக்களை எண்ணினால் 2, 3, 4. ஜெர்மனியின் பவேரியாவில் சுண்ணாம்புப் பாறையிலிருந்து 1861இல் வெளிப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ், 15 கோடி ஆண்டுப் பழசு. இறகு முளைத்த இறக்கை இருந்தும் அதில் நகத்தோடு மூன்று விரல்கள் விரிந்து கிடந்தன. கணக்கு அங்கேயும் 2, 3, 4. அதாவது கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். விரல்கள் சுண்டுவிரல் பக்கமிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன என்பது பாறையின் சாட்சி.

இப்போது முட்டைக்கு வருவோம். கோழி 21 நாள் அடைகாக்கும். மூன்றாம் நாள் வாக்கில் கருவின் உடலோரத்தில், முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி எனச் சின்ன வீக்கங்கள் தெரியும். செடியில் மொட்டு விடுவது போல இருப்பதால் அவற்றைக் கைமொட்டு, கால்மொட்டு என்றே சொல்லலாம். பார்வைக்கு நான்கும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே விதி எழுதப்பட்டாகிவிட்டது. முன்மொட்டில் டிபிஎக்ஸ்5 என்ற மரபணு விழித்திருக்கும், பின்மொட்டில் டிபிஎக்ஸ்4, கூடவே பிடெக்ஸ்1. புறா வளர்ப்பவர்கள் பாதம் முழுக்க இறகு விசிறியாக விரிந்த புறாக்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றின் பின்மொட்டில் பிடெக்ஸ்1 தணிந்து, வரக்கூடாத டிபிஎக்ஸ்5 கொஞ்சம் தலைகாட்டுகிறது. கால் கொஞ்சம் இறக்கையாக ஆசைப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொட்டு எப்படி நீள்கிறது? அதன் நுனியில், தோல் ஓர் இழை போலத் தடித்து, வரப்பு மாதிரி மேடாக நிற்கும். 1948இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், முட்டை ஓட்டில் சன்னல் போலத் திறந்து, அந்த வரப்பை நுண்ணிய கருவியால் உரித்தெடுத்தார். முட்டையை மூடி வளரவிட்டார். சீக்கிரமே உரித்த கருவில் மேல்கையோடு இறக்கை நின்றுவிட்டது. கொஞ்சம் தாமதமாக உரித்ததில் முன்கை வரை வந்தது. இன்னும் தாமதித்ததில் விரல்கள் மட்டும் குறைந்தன. ஆக, கை தோளிலிருந்து நுனியை நோக்கி வரிசையாகத் தீர்மானமாகிறது, அந்த வரப்பு இருக்கும் வரை வளர்ச்சி தொடரும்.

சாண்டர்ஸ் குழுவின் இன்னொரு சோதனைதான் எனக்கு மிகப் பிடித்தது. கால்மொட்டில் தொடையாக வேண்டிய திசுவை எடுத்து, கைமொட்டின் நுனியில், வரப்புக்குக் கீழே பதித்தார்கள். என்ன முளைத்தது தெரியுமா? இறக்கை நுனியில் நகமுள்ள கால்விரல்! அந்தத் திசு தன் புது இடத்தைப் புரிந்துகொண்டது, நுனியில் இருக்கிறோம், ஆகவே விரலாக வேண்டும் என்று. ஆனால் தான் கால் என்பதையும் மறக்கவில்லை. ‘எங்கே இருக்கிறேன்’ என்பதும் ‘நான் யார்’ என்பதும் ஒரு செல்லுக்குத் தனித்தனிச் செய்திகள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். விரல் சண்டை முடிவதும் இதில்தான்.

சரி, நீளம் புரிந்தது. கட்டைவிரல் ஒருபக்கம், சுண்டுவிரல் மறுபக்கம் என்பதை யார் சொல்கிறார்கள்? 1968இல் சாண்டர்ஸும் மேரி கேசலிங்கும் கைமொட்டின் பின் ஓரத்திலிருந்து, வால் பக்கமிருந்து, ஒரு துணுக்குத் திசுவை எடுத்து இன்னொரு கருவின் கைமொட்டில் முன் ஓரத்தில் பதித்தது பற்றி எழுதினார்கள். வளர்ந்த இறக்கையில் விரல்கள் இரட்டிப்பாகியிருந்தன, கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பிப் போட்ட வரிசையில். அந்தப் பின் ஓரத் துணுக்கிலிருந்து ஏதோ ஒன்று கசிந்து பரவுகிறது, அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு விரல், தள்ளியிருந்தால் வேறொரு விரல் என்ற எண்ணம் வலுத்தது. தோட்டத்து மல்லிகை போலத்தான். கிட்டே நிற்பவருக்கு வாசம் தூக்கும், தெருமுனையில் நிற்பவருக்கு லேசாக எட்டும், வாசத்தின் அளவை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம்.

கசிவது என்ன என்பது தெரிய 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டில் கிளிஃப் டேபினின் குழு அந்தப் பொருளைப் பிடித்தது. அது ஒரு புரதம். பழ ஈயில் அதன் உறவுக்கார மரபணு கெட்டுப்போனால் புழு உடல் முழுக்க முள்முள்ளாக ஆகும், அதனால் அங்கே அதற்கு முள்ளெலி என்று பெயர். முதுகெலும்பு உயிர்களில் கண்டுபிடித்ததற்கு, வீடியோ கேமில் உருண்டோடும் நீல முள்ளெலியின் பெயரையே வைத்துவிட்டார்கள்: சோனிக் ஹெட்ஜ்ஹாக். இந்தப் புரதத்தைச் சுரக்கும் செல்களை முன் ஓரத்தில் வைத்தாலே போதும், விரல்கள் இரட்டிப்பாயின.

இந்த மரபணுவுக்குக் கைமொட்டில் மட்டும் வேலை சொல்லும் ஒரு சுவிட்ச் உண்டு. அது மரபணுவின் பக்கத்தில்கூட இல்லை, மனிதரில் சுமார் 10 லட்சம் டிஎன்ஏ எழுத்து தள்ளி, வேறொரு மரபணுவின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பஞ்சு போன்ற இறகுள்ள சில்க்கி கோழியின் காலில் ஐந்து விரல்கள் இருப்பதற்குக் காரணம், அந்தச் சுவிட்சில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான். அதனால் பின் ஓரத்தில் மட்டும் எரிய வேண்டிய விளக்கு முன் ஓரத்திலும் மினுக்கென்று எரிகிறது. ஐந்து விரல் கோழி புதிதல்ல, கொலுமெல்லா என்ற ரோமானியர் கிட்டத்தட்ட 2000 ஆண்டுகளுக்கு முன்பே அவற்றை உயர்ந்த ரகம் என்று எழுதியிருக்கிறார். கூடுதல் விரலோடு பிறக்கும் பூனைகள் பலவற்றிலும் மனிதர் சிலரிலும் இதே சுவிட்சில்தான் எழுத்து மாறியிருக்கிறது. மாறாக, இந்தச் சுவிட்சின் பெரும்பகுதியை இழந்த ஒரு கோழி வகையும் ஆய்வகங்களில் தெரியும். அதன் காலில் ஒற்றைப் பெருவிரல், இறக்கையில் விரலே இல்லை.

விரல்கள் உருவாகிவிட்டாலும் தொடக்கத்தில் துடுப்பு போல ஒன்றாகத்தான் இருக்கும். இடையில் உள்ள செல்கள் ஏழெட்டு நாள் கருவில் தாமாகவே மடிந்து விலக, விரல்கள் தனித்தனியாகின்றன. வாத்தில் அந்தச் சாவு தடுக்கப்படுகிறது. விரலிடைத் தோலில் கிரெம்லின் என்ற புரதம் நின்று, சாகச் சொல்லும் செய்தியை அணைத்துவிடுகிறது. கோழிக் கருவின் விரலிடையில் அதே கிரெம்லினை வைத்தால் கோழிக்கும் சவ்வு மிஞ்சுகிறது. நீந்தும் பாதம் எங்கிருந்தோ புதிதாக வரவில்லை, எல்லோருக்கும் முதலில் இருப்பதை வாத்து கலைக்காமல் விட்டிருக்கிறது.

பின்னோக்கிய பெருவிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிளையைப் பிடித்து உட்கார அது வேண்டும். கருவில் அது முதலில் மற்ற விரல்களோடு முன்னோக்கியே இருக்கிறது, பிறகு முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. திருப்புவது முட்டைக்குள்ளேயே அசைந்துகொண்டிருக்கும் தசைகள். அசைவைத் தடுத்த கருவில் விரல் திரும்பாமல் நின்றுவிட்டது. மரபணு மட்டும் உடலைச் செய்வதில்லை, ஓட்டுக்குள் குஞ்சு உதைப்பதும் சேர்ந்துதான் செய்கிறது.

இப்போது அந்தச் சண்டை. ஐந்து விரல் உள்ள பல்லி, முதலை, ஆமை எதை எடுத்தாலும் கருவில் கையின் முதல் குருத்தெலும்புக் கோடு முன்கையின் பின்பக்க எலும்பிலிருந்து நேராக மோதிர விரலுக்குப் போகும். நான்காவது விரல்தான் முதலில் முளைக்கும், மற்றவை பின்னால் வரும். கோழிக் கருவில் அந்தக் கோடு எங்கே போகிறது என்று பார்த்தால், மூன்று விரல்களில் கடைசியான சிம்பு விரலுக்கு. அப்படியானால் சிம்பு விரல் நான்காவது, நீண்ட விரல் மூன்றாவது, முன்னால் நிற்பது இரண்டாவது. கட்டைவிரல் இல்லவே இல்லை! ஆலன் ஃபெடூச்சியாவும் ஆன் பர்க்கும் 1997இல் இதை அழுத்தமாக முன்வைத்தார்கள். 2002இல் நெருப்புக்கோழிக் கருவைப் பார்த்தபோது இறக்கையில் ஐந்து விரல்களுக்கான தடங்களும் தெரிந்தன. முதலாவதும் ஐந்தாவதும் தலைகாட்டி மறைய, நடு மூன்றும் நின்றன.

ஃபெடூச்சியா இதிலிருந்து எடுத்த முடிவு பெரியது: கணுக்களை விட்டு விரல்களையே எண்ணினால் டைனோசர் கை 1, 2, 3, பறவைக் கை 2, 3, 4, ஆகவே பறவைகள் டைனோசர்களிலிருந்து வந்திருக்க முடியாது. கவனத்தோடு கேட்க வேண்டிய வாதம்தான் அது. ஆனால் எலும்புக்கூட்டின் மற்ற நூற்றுக்கணக்கான ஒற்றுமைகளும் சீனாவில் கிடைத்த இறகு டைனோசர்களும் எதிர்ப்பக்கம் மலைபோல் குவிந்திருந்தன. இரண்டு சாட்சிகளும் உண்மை பேசுகின்றன என்றால் நாம் கேட்ட கேள்வியில்தான் கோளாறு இருக்க வேண்டும்.

1999இல் குந்தர் வாக்னரும் ஜாக் கோத்தியேவும் ஒரு வழி சொன்னார்கள். நான் அதைப் பந்தியோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்கிறேன். வரிசையாக ஐந்து இலை போட்டிருக்கிறது. முதல் இலைக்குக் கேசரி, இரண்டாவதற்கு வடை, மூன்றாவதற்குப் பாயசம் என்பது அந்த வீட்டு வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் முதல் இலையில் ஆளே இல்லை. பரிமாறுகிறவர் இரண்டாவது இலையிலிருந்து கேசரியைத் தொடங்கிவிடுகிறார். இலையை எண்ணினால் 2, 3, 4. பரிமாறியதைப் பார்த்தால் 1, 2, 3. பறவைக்கு முந்தைய டைனோசர் பரம்பரையில் இப்படித்தான் விரலின் அடையாளம் ஒரு இடம் தள்ளி விழுந்தது என்றார்கள். முளைக்கும் இடம் ஒன்று, ஆகும் விரல் இன்னொன்று. தொடைத் திசு இறக்கை நுனியில் கால்விரலான அதே தத்துவம்.

வழி நன்றாக இருக்கிறது, சாட்சி வேண்டுமே? வந்தது. கட்டைவிரல் உருவாகும் இடத்தில் ஹாக்ஸ்டி13 என்ற மரபணு விழித்திருக்கும், அதன் பக்கத்து மரபணு ஹாக்ஸ்டி12 விழித்திருக்காது. மற்ற விரல்களில் இரண்டும் விழித்திருக்கும். கோழி இறக்கையின் முன் விரலில் பார்த்தபோது ஹாக்ஸ்டி13 மட்டுமே இருந்தது, கால் பெருவிரலில் போலவே. 2011இல் ஜப்பானின் தொஹொக்கு பல்கலைக்கழகத்தில் கோஜி தமுராவின் குழு, சோனிக் ஹெட்ஜ்ஹாக் சுரக்கும் பின் ஓரச் செல்களுக்குச் சாயமிட்டு அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று தொடர்ந்தது. காலில் நான்காவது விரல் அந்தச் செல்களிலிருந்தே உருவானது. இறக்கையிலோ எந்த விரலும் அந்தச் செல்களிலிருந்து வரவில்லை. கடைசி விரல் நான்காவதாக இருந்திருந்தால் வந்திருக்க வேண்டும். அது மூன்றாவதைப் போலவே நடந்துகொண்டது.

2009இல் சீனாவின் ஷின்ஜியாங்கிலிருந்து சூ ஷிங்கும் கூட்டாளிகளும் அறிவித்த லிமுசாரஸ், சுமார் 16 கோடி ஆண்டுப் பழைய டைனோசர். அதன் கையில் நான்கு விரல், முதலாவது வெறும் குச்சி. கட்டைவிரல் பக்கமிருந்தும் விரல் தேயலாம் என்பதற்கு அது நேரடிச் சான்று. அதைப் பறவைகளின் நேர் முன்னோருக்குச் சமமாக வைக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது பக்கத்துக் கிளை, அதன் விசித்திரக் கை அதற்கே உரியது என்று சொல்பவர்களின் பக்கம்தான் எனக்கும் சாய்வு.

ஆக, குழம்பில் கிடந்த அந்த முன் விரல் கட்டைவிரல்தான், ஆள்காட்டி விரலின் இடத்தில் முளைத்த கட்டைவிரல். நீங்கள் இதைப் பற்றி மேலும் படிக்கப் போனால் ஒரு சிக்கல் வரும்: பழைய கருவியல் கட்டுரைகளில் கோழி இறக்கை விரல்களுக்கு 2, 3, 4 என்று எண் போட்டிருப்பார்கள், 2011க்குப் பிந்தைய பலவற்றில் 1, 2, 3 என்று இருக்கும். பேசுவது அதே மூன்று எலும்புகளைப் பற்றித்தான். முதலில் அவர்கள் இலையை எண்ணுகிறார்களா, பரிமாறியதை எண்ணுகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.